ஓக் மரத்துக்குப் பக்கத்தில் நீலம்

நவம்பர் 9, சனி

குன்னூர். எங்கள் வீட்டுச் சமையலறையின் கிழக்குச் சுவர் இன்று காலை ஏழு இருபது மணிக்கு, கொதித்துக்கொண்டிருந்த சாம்பாருக்குள் விழுந்து இயற்கை எய்தியது என்பதை ஆழ்ந்த பசியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். முழுச் சுவரும் அல்ல, உள்ளங்கை அகலத்துக்குக் காரை. அன்னாருக்கு வயது பதினொன்று. ஈரமும் எண்ணற்ற கரப்பான் குழந்தைகளும் அன்னாரின் பிரிவால் வாடுகின்றனர். ஆகஸ்டில்கூட அந்தச் சுவருக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி நான்தான் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். ஏதோ ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்காம். அப்போது திடமாகத்தான் இருந்தார்.

அம்மா கரண்டியால் காரையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, "சமையல்ரூமுக்கு பெயின்ட் அடிச்சே ஆகணும்" என்றாள்.

"இந்த மழையிலயா? காயாதே சுகந்தி" என்றார் அப்பா.

"இப்பத்தாங்க நேரம் இருக்கு."

"அதுவும் சரிதான்."

அப்பா டீ பேக்டரியில் மெக்கானிக். எந்த இயந்திரத்தையும் திருத்துவார், யார் சொன்னதையும் திருத்த மாட்டார். "அதுவும் சரிதான்" என்பது அவருடைய தேசிய கீதம்.

ஊரே தீபாவளிக்கு முன்னால் பெயின்ட் அடிக்கும். நாங்கள் தீபாவளி முடிந்து, முறுக்கு டப்பா காலியாகி, ஐப்பசி மழை சுவருக்குள்ளேயே குடி வந்த பிறகு அடிக்கிறோம். இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் ரசனை குறைந்துகொண்டே வருகிறது.

முக்கியச் செய்தி: சுவர் நிறத்தை அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொள்வார்களாம். ஓக் அலமாரியின் ஏழு கதவுக் கைப்பிடிகளுக்கு நிறம் சொல்லும் பொறுப்பு எனக்கு. "உனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லு கண்ணு, ஏழும் ஏழு கலரா இருந்தாலும் பரவால்ல" என்றாள் அம்மா. பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வானாம். பரணிதரன் என்று பெயரே வைத்த பிறகு ஏழு கைப்பிடியை ஆளக்கூடாதா? இன்று முதல் நான் வண்ணத்துறை அமைச்சர்.

நவம்பர் 10, ஞாயிறு

ஓக் அலமாரியைப் பற்றி எழுதாமல் விட்டால் வரலாறு மன்னிக்காது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் பங்களா ஒன்றை இடித்தபோது அப்பா அதை ஏலத்தில் எடுத்தார். தேன் நிறம், ஏழு கதவு, யானைக் கனம். எந்தத் துரை அதில் ஜாம் வைத்தாரோ தெரியாது, இப்போது கருவாடு இருக்கிறது.

கடையிலிருந்து ஷேடு கார்டு வந்தது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் வாயில் நுழையாத பெயர். நான் எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் சூட்டினேன்: முந்தாநாள் மோர். கணக்கு வாத்தியார் சட்டை. ஊசிப்போன தேங்காய்ச் சட்னி. பல் விளக்காத மஞ்சள்.

மேகலா அக்கா ஒரு சாம்பல் நீலத்தில் விரலை வைத்தாள். பி.காம் இரண்டாம் வருஷம் படிப்பதால் எல்லாவற்றிலும் விரல் வைப்பாள். எனக்கு மாம்பழ மஞ்சள்.

"மஞ்சளுக்குப் பக்கத்துல வச்சா ஓக் மரம் காணாமப் போயிரும்டா. நீலத்துக்குப் பக்கத்துல வச்சாத்தான் அது ஓக்குன்னே தெரியும்" என்றாள் அம்மா.

ஓக் மரத்தின் குணமே அதுதான். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அதற்கேற்ப மாறும். மஞ்சளுக்கு அருகில் வெளுக்கும், சிவப்புக்கு அருகில் சிவக்கும். மொத்தத்தில் எங்கள் அப்பா.

நவம்பர் 13, புதன்

பெயின்டர் செபாஸ்டின் அண்ணன் சுவரில் மூன்று நிறத்தைக் கட்டம் கட்டமாக அடித்துக் காட்டினார். முந்தாநாள் மோர், மாம்பழம், அக்காவின் நீலம். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நின்று வேடிக்கை பார்த்தது.

வாக்கெடுப்பு நடந்தது. மோர் பூஜ்யம், மாம்பழம் ஒன்று, நீலம் இரண்டு. அப்பா முதலில் எனக்குப் பக்கத்தில் நின்று மாம்பழத்துக்குக் கை தூக்கினார். அம்மா திரும்பிப் பார்த்ததும் அந்தக் கையால் தலையைச் சொறிந்துவிட்டு நீலத்துக்குத் தூக்கினார். நீலம் மூன்று.

ஜனநாயகம் தோற்ற இடத்தில் சாணக்கியம் தொடங்குகிறது.

நவம்பர் 16, சனி

பள்ளி விடுமுறை. அம்மா டூட்டிக்குப் போய்விட்டாள், அக்காவுக்கு ஸ்பெஷல் கிளாஸ். இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த மோசடி எங்கள் அடுப்பில் தயாரானது. செய்முறையை வருங்காலத் தலைமுறைக்காகக் குறித்து வைக்கிறேன்.

பழைய நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, விளிம்பைத் தீக்குச்சியால் லேசாகக் கருக்கி, ஊற்றுப்பேனாவால் கோணல் எழுத்தில் எழுதினேன்:

அக்கினி மூலையில் நீலம் ஏறின்
அடுப்பை ஆள்பவள் கடலைத் தாண்டுவள்;
தாண்டிய பின்னே தழைக்குமோ மனையே?

முதலில் 'வாசலைத் தாண்டுவள்' என்றுதான் எழுதினேன். நீலத்துக்குக் கடல் இன்னும் பொருத்தமாக இருந்தது. கவிஞனுக்கு இதெல்லாம் தானாக வரும். பிறகு காலையில் அம்மா ஏலக்காய் தட்டிப் போட்டு வைத்திருந்த டீயின் மிச்சத்தைத் தட்டில் ஊற்றி, தாளை முக்கி, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தேன். மை லேசாகக் கலங்கி, ஒரே மணி நேரத்தில் தாளுக்கு நூறு வயது.

ஓக் அலமாரியின் முதுகுப் பலகை இடுக்கில் அதைச் செருகியாயிற்று. நாளை பெரியப்பா வருகிறார். சுவரின் பள்ளங்களை அடைத்துப் பட்டி பார்ப்பதற்காக அலமாரியை நகர்த்தப் போகிறார்கள். பெரியப்பா வாஸ்து பார்க்காமல் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். நீலத்துக்கு நாளையோடு மங்களம்.

நவம்பர் 17, ஞாயிறு

வெற்றி! ஆனால் வெற்றி இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெரியப்பா காரமடையிலிருந்து ஒரு தார் கதலியோடு வந்தார். அப்பாவைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். அவர் உட்காரும்வரை அப்பா உட்கார மாட்டார், அவர் வேண்டாம் என்றால் அப்பா மூச்சுகூட விட மாட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலமாரியை இழுத்தார்கள். தாள் விழுந்தது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். 'கடலைத் தாண்டுவள்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது.

நான் எதிர்பார்த்தது: அக்கா கத்துவாள், அம்மா சிரிப்பாள், அப்பா "அதுவும் சரிதான்" என்பார்.

நடந்தது: அக்கா அடுக்களையை விட்டு வெளியே போனாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பை அணைத்தாள், அதில் பால் இன்னும் பொங்கவே இல்லை.

"ஏனப்பா தங்கவேலு, வெள்ளக்காரன் ஊட்டு பீரோவுல இத யாரு எழுதி வச்சிருப்பா?" என்றார் பெரியப்பா.

"துரையோட சமையல்காரரா இருக்கும் பெரியப்பா" என்று உதவினேன்.

"அதான! அனுபவிச்சு எழுதியிருக்கான் பாரு. துரைசானி சீமைக்கே போயிருப்பா. அப்பறம் அந்த பங்களா என்னாச்சு? இடிச்சே போட்டாங்க!"

என் கற்பனைக்கு எட்டாததெல்லாம் பெரியப்பாவின் கற்பனைக்கு எட்டுகிறது. குரு என்று கும்பிடலாம் போல இருந்தது.

அம்மா தாளை வாங்கினாள். அவளுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதோ என்னவோ, முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பெரியப்பாவிடமே கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று பேரை ஒரே நேரத்தில் ஊமையாக்கிய குறும்பு குன்னூர் சரித்திரத்திலேயே இதுதான். ஆனாலும் யாராவது ஒருவர் சிரித்திருக்கலாம்.

நவம்பர் 18, திங்கள்

பள்ளி விட்டு வந்தபோது செபாஸ்டின் அண்ணன் மட்டும் வீட்டில் இருந்தார். சுவருக்குப் பட்டி இழுத்துக்கொண்டிருந்தார். சுவருக்குப் பட்டி, வீட்டுக்குப் பட்டிமன்றம் என்று சொன்னேன். அவராவது சிரித்தார். பிறகு, "தம்பி, அம்மா முப்பதாந்தேதிதான கெளம்புறாங்க? இந்த மழையில ரெண்டாவது கோட்டு காயணுமேன்னு பயமா இருக்கு" என்றார்.

"எங்க கிளம்புறாங்க?"

"மஸ்கட்டுக்கு. நர்ஸ் வேலைக்கு... ரெண்டு வருசம்னு..." பட்டித் தகடு சுவரில் பாதி வழியில் நின்றது. "தம்பி, உனக்கு..."

"தெரியும்ண்ணே. உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

எப்படி என் சமயோசிதம்? அரை நொடிகூட ஆகவில்லை.

பிறகு பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை முழுவதும் கழுவினேன். யாரும் சொல்லவில்லை. அது அழுக்காகவும் இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

மஸ்கட். பெயரிலேயே மஸ்கோத் அல்வா மணக்கிறது. எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 20, புதன்

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"மஸ்கட்டுக்கு பஸ் இங்கிருந்து நேரா இருக்கா, மேட்டுப்பாளையத்துல மாறணுமா?"

கையிலிருந்த போர்வை அப்படியே மடியில் விழுந்தது. "யார்ரா சொன்னா?"

"பெயின்டர்."

"ஐயோ."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆகஸ்ட்."

"அப்பாவுக்கு?"

"அதுக்கும் முன்னாடி."

"பெரியப்பாவுக்கு?"

"தீபாவளிக்கு அப்பா காரமடை போய்ச் சொன்னாரு. ஒரு நாள் பூரா பேசித்தான் ஒத்துக்கிட்டாரு. பரணி, உங்கிட்ட மறைக்கணும்னு இல்ல..."

"பின்ன? காட்டணும்னு மறைச்சீங்களா?"

"உங்கிட்ட எதச் சொன்னாலும் ஜோக்காக்கிருவ. போன வருசம் அப்பாவுக்கு ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்தப்ப, ரிப்போர்ட்ல 'எஞ்சின் ஆயில் குறைவு'ன்னு எழுதி வச்சியே. அம்மா அன்னைக்கு எப்படி அழுதாங்க தெரியுமா? நீ பாக்கல."

பார்க்கவில்லைதான். அது நல்ல ஜோக். இப்போதும் சொல்வேன்.

ஆகஸ்டில் அம்மா 'சென்னையில் டிரெய்னிங்' என்று இரண்டு நாள் போனாள். இன்டர்வியூ. ஊறுகாய் போடக் கற்றுக்கொள்ளச் சொல்லி என்னை எலுமிச்சை நறுக்க வைத்தாள். ஒத்திகை. அந்த போட்டோ அடையாள அட்டைக்கு அல்ல, விசாவுக்கு. வெள்ளைச் சுவர் வேண்டும், காது தெரிய வேண்டும் என்று சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "சிரிக்காதம்மா, கைதி மாதிரி நில்லு" என்று நான்தான் கோணம் சொன்னேன். ஏழு முறை எடுத்தேன், அவள் சிரித்துக்கொண்டே இருந்ததால்.

நான் எடுத்த போட்டோவை வைத்தே என்னை விட்டுப் போகிறாள்.

எல்லோரையும் ஏமாற்றத் தெரிந்தவன் என்று இந்த டைரியின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கூடத்தில் இருந்தேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. ஈரத்தில் உப்பியதால் அது எப்போதும் முழுதாகச் சாத்தாது.

"அண்ணன் போன் பண்ணாரு" என்றார் அப்பா. "அந்த ஏட்டை காரமடைல யாரோ ஜோசியர்ட்ட காட்டினாராம். இந்த நேரத்துல வேண்டாம்ங்கறாரு."

"திங்கக்கிழமைக்குள்ள மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு பதில் சொல்லணும். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"ஒரு வருசம் தள்ளிப் போடலாமா சுகந்தி?"

"எனக்கு நாப்பத்தி நாலு. நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்க."

அப்பா அலமாரிக் கதவு ஒன்றைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"பதினாறு வருசமா இங்கயே இருக்கேன். நான் ஊசி போடச் சொல்லிக் குடுத்த பிள்ளைங்க எல்லாம் எங்கெங்கயோ போயாச்சு. நாப்பது பெட் ஐசியூ-க்கு இன்சார்ஜ்னு போட்டுருக்காங்க, என் பேரைப் போட்டுருக்காங்க. ஒரு தடவையாவது நான் அதைப் பாக்கணுங்க."

"அண்ணன் சொல்றாரே..."

"உங்க அண்ணன் சம்மதம் இல்லாம நான் போயிருவேன். நீங்க முழு மனசா சொல்லாம என்னால போக முடியாது. அண்ணன் ஞாயித்துக்கிழமை வரட்டும். அவருக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க, போன்னோ இருன்னோ."

அப்பா சொன்னது கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஓக் மரத்துக்குப் பக்கத்தில் நிற்பார், மரம் அவர் நிறத்துக்கு மாறும், அம்மா போக மாட்டாள். அரை டம்ளர் டீயை வைத்து ஒரு விமானத்தை நிறுத்தியவன் உலகிலேயே நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

நவம்பர் 22, வெள்ளி

"கைப்பிடிக்குக் கலர் சொல்லவே இல்லையேடா" என்றாள் அம்மா. டூட்டி உடையைக்கூட மாற்றவில்லை, சமையலறைத் தரையில் ஏழு கைப்பிடிகளையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தாள்.

"கறுப்பு."

"ஏழுமா?"

"ஏழும்."

"அப்ப எது எதுல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று ஒரு கைப்பிடியை எடுத்தாள். "இது மிளகாய், மசாலா. சிவப்பா இருந்தா நல்லது. இது பருப்பு. இது அரிசி, மாவு. இது மருந்துப் பெட்டி, இதை மட்டும் பச்சையாக்கு, அவசரத்துல உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் புரிந்தது. வண்ணத்துறையும் இல்லை, அமைச்சரும் இல்லை. அது சமையல்காரருக்கான வரைபடம். என்னைக் கேட்டு, எனக்கே தெரியாமல், என் கையாலேயே போட வைத்த வரைபடம்.

"எனக்குத் தெரியும்மா. மஸ்கட்."

அவள் நிமிரவில்லை. கைப்பிடியின் திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "தெரியும்னு தெரியும். தொட்டியைக் கழுவியிருந்தியே."

"ஏன் எங்கிட்ட மட்டும் சொல்லல?"

"எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அவங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டேன். உன் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா போக மாட்டேன்னு தோணுச்சு. அதான் கடைசிக்குத் தள்ளித் தள்ளி..."

"அதுக்கு பெயின்டர்ட்ட சொன்னியா?"

"தப்புதான்டா" என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். தப்புதான் என்று சொல்கிறவர்களிடம் என்ன செய்வது? எழுந்து வந்துவிட்டேன். அவள் இன்னும் ஏதோ கேட்கக் காத்திருப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 23, சனி

செபாஸ்டின் அண்ணன் முதல் கோட் நீலம் அடித்துவிட்டார். பெரியப்பா வேண்டாம் என்ற அதே நீலம். அம்மாதான் அடிக்கச் சொன்னாளாம். நாளைக்கு அண்ணன் மாதா கோயிலுக்குப் போவதால் இரண்டாவது கோட்டை அம்மாவே அடிக்கப் போகிறாள்.

நான் வாய் திறக்க மாட்டேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்றைய நிகழ்ச்சிகள் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட வேண்டியவை. பொன் இல்லாததால் பால்பாயின்ட்.

காலை பதினொரு மணி. அம்மா கையில் ரோலரோடு நீலத்தில் நிற்கிறாள். பெரியப்பா ஏட்டோடு நுழைகிறார். அப்பா ஓக் அலமாரியில் சாய்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். "அம்மணி, இத்தன சொல்லியும் நீலத்தையே அடிக்கிறயா? ஏடு பொய் சொல்லுமா?" என்கிறார் பெரியப்பா.

அப்போது பரணிதரன் எழுந்தான். "நிறுத்துங்கள்!" என்று முழங்கினான். சுவரே அதிர்ந்தது (சுவரில் இப்போதும் அதற்கான தடம் இருக்கிறது, சந்தேகப்படுபவர்கள் வந்து பார்க்கலாம்). "அந்த ஏட்டை எழுதியவன் நான்! தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். அம்மா, நீ போய் வா! இந்த அடுப்பை நான் ஆள்வேன்!" என்றான். சபை கலங்கியது. பெரியப்பா கண்ணீர் மல்க அவனை அணைத்துக்கொண்டார். அம்மா போகிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர்கூடச் சிந்தாமல் அவளுக்கு விடை கொடுத்தவன் இவனே.

நவம்பர் 30, சனி

கொச்சி வரை அப்பா போயிருக்கிறார். மழை. நீலம் காய்ந்துவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

பிழை திருத்தம்.

நவம்பர் 24 தேதியிட்ட குறிப்பில் சில பிழைகள் நேர்ந்துவிட்டன. வாசகர்கள் (அக்கா, நீ இதைத் திருட்டுத்தனமாகப் படிப்பது எனக்குத் தெரியும்) பின்வருமாறு திருத்தி வாசிக்கவும்.

'பரணிதரன் எழுந்தான்' என்பது தவறு. அவன் உட்காரவே இல்லை. பெரியப்பாவின் குரல் வாசலில் கேட்டதுமே பிரிட்ஜுக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அது அப்போதுதான் இரண்டாவது கோட் அடித்த சுவர்.

'முழங்கினான்' என்பதும் தவறு. பெரியப்பா கேட்டார், "தங்கவேலு, நீ என்ன சொல்ற?" அப்பா கால் மாற்றி நின்றார். அலமாரிக் கதவை ஒருமுறை திறந்து மூடினார். "அண்ணன் சொல்றதும்..." என்று ஆரம்பித்தார். அம்மா ரோலரைத் தட்டில் வைத்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவளுடைய தோள் என் பக்கமாகவே இருந்தது. எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஊருக்கே மைக் வைக்கிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். பெரியப்பாவுக்காக வைத்திருந்த டீ டம்ளர் மேடையில் இருந்தது. பக்கத்தில் அக்காவின் நோட்டு. ஒரு தாளைக் கிழித்து, அந்த டம்ளருக்குள் முக்கி, எடுத்து, பெரியப்பா கையிலிருந்த ஏட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு தாளும் ஒரே நிறம்.

பெரியப்பா என்னை அணைக்கவில்லை. "அட எருமெ" என்றார். பிறகு, "என்ற டீயைக் கெடுத்துப்போட்டயேடா" என்றார். பிறகு எவ்வளவோ சொன்னார், அதெல்லாம் அச்சிடத் தக்கதல்ல. கடைசியில், "பொய்யோ மெய்யோ, எனக்கு மனசுக்கு ஒப்பல தங்கவேலு. இருக்கச் சொல்லு" என்றார்.

அப்பா இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்தார். இயந்திரத்தில் தேய்ந்த பாகத்தைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார். "சுகந்தி போகட்டும்ண்ணா" என்றார். அதற்கு முன்னும் பின்னும் வேறு வார்த்தை இல்லை. அவர் உட்கார்ந்தார். பெரியப்பா அப்போது நின்றுகொண்டிருந்தார்.

பெரியப்பா டீ குடிக்காமல் கிளம்பினார். ஆனால் முப்பதாம் தேதி வண்டி ஏற்பாடு செய்தது அவர்தான்.

அவர் போன பிறகு அம்மா அந்தத் தாளை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "துரை வீட்டு ஏட்டுல நம்ம வீட்டு ஏலக்காய் வாசம் எப்படிடா வந்துச்சு?"

"அன்னைக்கே தெரியுமா?"

"கையில வாங்கின உடனே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்." சற்று நேரம் ரோலரின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அதும் முழுசா நெசமில்ல. எனக்கும் பயமா இருந்துச்சு. அந்தப் பேப்பர் என்னை நிறுத்திட்டா நல்லதுன்னு ஒரு நாள் நானும் நெனச்சேன்."

ஆக, ஒரு வாரம் இரண்டு பேரும் ஒரே தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். அவள் மறைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போனில் சொன்னேன். "சரி, மெதுவா மன்னி" என்றாள்.

கைப்பிடிகள்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, பிரவுன், கறுப்பு. நீலத்துக்கு முன்னால் ஓக் நன்றாகத்தான் தெரிகிறது. இதை அக்காவிடம் சொல்ல மாட்டேன். நேற்று பெருமையாக அப்பாவுக்கு ரசம் வைத்தேன். உப்பு எந்த நிறம் என்று மறந்துபோய் ஏழு கதவையும் திறந்தேன். எட்டாவதாக அம்மாவுக்கு போன் செய்தேன்.

பிரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் இரண்டு தோளும் ஒரு பின்மண்டையும் பதிந்திருக்கின்றன. செபாஸ்டின் அண்ணன் மேலே இன்னொரு கோட் அடித்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது இன்னும் தெரிகிறது.

கடைசித் திருத்தம். 'அம்மா, நீ போய் வா' என்று அச்சாகியிருப்பது முழுப் பொய். அப்பா 'போகட்டும்' என்றதுமே, முதுகெல்லாம் நீலத்தோடு அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது, "போகாதம்மா." பதினைந்து வயதில். எல்லோர் முன்னாலும். மூன்று முறை.